மகளுக்கு ஒரு செக்குபந்தி

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
வைகாசி

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் மார்க்கெட் வரை தானே நடந்து போய் வருகிறாள். இந்த வருஷம் மல்கோவா வரத்து தாமதம். இமாம் பசந்த் முதலில் வந்துவிட்டது. பழத்தை நறுக்கும்போதெல்லாம் உன் பேச்சுதான்.

இரண்டு வாரமாக இதை எழுத வேண்டும் என்று இருக்கிறேன். போனில் நீ பேசுவதைக் கேட்கவே நேரம் சரியாகிவிடுகிறது. நான் சொல்ல நினைத்தது போனை வைத்த பிறகுதான் வரிசையாக வருகிறது. நாற்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கையில் பேனா இருந்தால்தான் எனக்கு யோசனை ஓடும்.

அன்றைக்கு உன் படிப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொன்னாய். "பிரைவசிக்குத் தமிழ்ல சொல்லே இல்லப்பா. சொல் இல்லாததால நம்ம ஆளுங்களுக்கு அந்த எண்ணமே இல்ல." நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். அப்படி இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கஞ்சமலை அடிவாரத்திலிருந்து ஒரு பெரியவர் கிரயப் பத்திரம் எழுத வந்தார். நிலத்தில் பாதியை விற்கிறார். விலை பேசி முடித்து, முன்பணமும் கை மாறிவிட்டது. எல்லாம் எழுதி வாசித்துக் காட்டியபோது அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "என் மாடு அந்தப் பக்கமாத்தான் தண்ணிக்குப் போகும். அது போகட்டும்னு ஒரு வார்த்தை போடுங்க" என்றார். மாடு மட்டுமா என்று கேட்டேன். ஒரு குச்சியை எடுத்து என் திண்ணை மண்ணில் கோடு போட ஆரம்பித்தார். அறுப்பு நாளில் வண்டி போகவேண்டும். வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நடக்கிற அகலம் வேண்டும். வாங்கினவர் அதில் உழலாம், ஆனால் வேலி போடக்கூடாது. தனக்குப் பிறகு தன் பையனுக்கும் இது உண்டு, ஆனால் பையன் அதை வேறு யாருக்கும் தனியாக விற்க முடியாது. எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. இதற்கு 1882-லேயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருக்கிறான் என்பதோ, வசதியுரிமை என்று பெயர் இருப்பதோ அவருக்குத் தெரியாது. 'மாமூல் வண்டித் தட பாத்தியம்' என்ற சொல்லை நான்தான் கொடுத்தேன். எண்ணம் முழுக்க அவருடையது.

சொல் எதற்குப் பயன்பட்டது என்றால், பின்னால் அவருடைய பையன் வந்து அதே தடத்துக்காக வாதாடியபோது மண்ணில் கோடு போட வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று நான்கு சொல்லைக் காட்டினான், போதுமாக இருந்தது. அப்பனுடைய எண்ணத்தைப் பையன் எடுத்துக்கொண்டு நடக்க ஒரு பிடி இருந்தது. இவ்வளவுதான் நான் சொல்லுக்குக் கொடுக்கும் இடம், இதுவே பெரிய இடம். உன் தாத்தா வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். உள்ளே பெண்கள் தலை காய வைத்துக்கொண்டோ உடை மாற்றிக்கொண்டோ இருப்பார்கள் என்பதற்காக. பிரைவசிக்குச் சொல் இல்லாத வீட்டில் அந்தச் செருமல் இருந்தது.

ஆனால் சொல் எண்ணத்தை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது வோர்ஃப் என்கிற அமெரிக்கரைப் பற்றிச் சொன்னாயே, அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மொழியைப் பற்றி அவ்வளவு எழுதிய மனிதர் பிழைப்புக்குப் பார்த்தது தீ விபத்துக் காப்பீட்டில் ஆய்வாளர் வேலை. பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்கள் இருக்கும் இடத்தில் ஆட்கள் பயந்து நடக்கிறார்கள். 'காலி' பீப்பாய்கள் இருக்கும் இடத்தில் சிகரெட் பற்றவைக்கிறார்கள். காலிப் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவிதான் சட்டென்று பிடிக்கும். காலி என்ற சொல் ஆட்களின் எச்சரிக்கையைத் தளர்த்திவிடுகிறது என்று அவர் எழுதினார். இதைக் கேட்டதும் எனக்கு அஸ்தம்பட்டிப் பக்கத்து மனை ஒன்று ஞாபகம் வந்தது. அப்போது நேரமில்லாமல் உனக்குச் சொல்லவில்லை.

கட்டடம் இல்லாத நிலத்தைப் பத்திரத்தில் 'காலி மனை' என்று எழுதுவோம். அப்படி ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். அன்றைக்கும் எழுதினேன். ஒரு வாரம் கழித்து வாங்கினவர் வந்து நின்றார். மனையின் தென்மேற்கு மூலையில் ஒரு வேப்பமரம், அதனடியில் மஞ்சள் பூசிய கல், வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் தெருப் பெண்கள் விளக்கு வைக்கிறார்கள். "காலின்னு எழுதியிருக்கீங்க, உள்ள சாமி இருக்கே" என்றார். விற்றவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டேன், காலி மனைதானே என்று. ஆமாம் என்றார். இரண்டு பேருமே அந்தச் சொல்லுக்குள் நின்று பேசிக்கொண்டோம், கல்லும் மரமும் எங்கள் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு எந்தக் காலி மனை வந்தாலும், "காலி சரி, அதில் என்னென்ன இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் திசை விஷயம். இதைத்தான் விரிவாக எழுத ஆசை.

உனக்கு ஆறு வயது இருக்கும். ஆயாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவிலேயே ஆயாவுக்குத் தலை சுற்றிவிட்டது. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்தபடி கண்ணை மூடிவிட்டாள். நீ அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் "ஆயா, இப்ப நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாய். முந்தானைக்குள்ளிருந்து கை மட்டும் வெளியே வரும். ஒரு வளைவில் கண்ணாடிப் பக்கம் நீட்டுவாள், அடுத்த வளைவில் டிரைவர் பக்கம். நான் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. லேடீஸ் சீட் என்கிற மலை முனையில் இறங்கி முகம் கழுவியதும், கீழே தெரிந்த ஊரைக் காட்டி, "அதா மேக்கால கஞ்சமலை, தெக்கால ஜருகுமலை" என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் பேச்சில் இடது வலது என்பது கைக்கும் காலுக்கும் மட்டும்தான். அடுப்படியிலேயே "டப்பா வடக்கால இருக்கு பாரு" என்பாள்.

ஆஸ்திரேலியாவில் குகு யிமித்திர் பேசுகிறவர்கள் இப்படித்தான் என்று நீ சொன்னாய். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் ஆட்களுக்குக் கங்காரு என்ற சொல்லைக் கொடுத்த மொழி. அந்த மொழிக்காரர் ஒருவர் தன் படகு கவிழ்ந்த கதையை இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை சொன்னாராம். முதல் தடவை உட்கார்ந்த திசை வேறு, இரண்டாம் தடவை வேறு. ஆனால் படகு எந்தத் திசையில் கவிழ்ந்ததோ அந்தத் திசைக்கே இரண்டு தடவையும் கை போயிற்றாம். நீ வியந்து சொன்னாய். எனக்கு முந்தானைக்குள்ளிருந்து நீண்ட கைதான் கண்ணில் வந்தது.

அந்த ஆராய்ச்சியில் நம்ம தமிழும் இருந்தது என்று நீ காட்டியபோது உண்மையாகவே எனக்குப் பெருமையாக இருந்தது. நீ இருக்கும் அதே நெதர்லாந்தில், நெய்மேகன் ஊரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்து எரிக் பீடர்சன் என்பவர் இங்கே வந்து கிராமத்தாரையும் நகரத்தாரையும் சோதித்திருக்கிறார். மேஜையில் பொம்மை மிருகங்களை வரிசையாக வைப்பது, பார்த்தவரை அப்படியே திருப்பி இன்னொரு மேஜையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வது. வடக்கு தெற்கு என்று பேசிப் பழகியவர்கள் திசை மாறாமல் அடுக்கவும், இடது வலது என்று பேசிப் பழகியவர்கள் தங்கள் கைப்பக்கம் மாறாமல் அடுக்கவும் சாய்ந்தார்கள். 1998-இல் அவரும் சகாக்களும் மற்ற மொழிகளோடு சேர்த்து இதை வெளியிட்டார்கள்.

நீ ஊருக்குப் போன பிறகு நானும் அம்மாவை வைத்துச் செய்து பார்த்தேன். டீ மேஜையில் ஒரு கரண்டி, ஒரு டம்ளர், ஓர் எலுமிச்சம்பழம். "திரும்பி, தையல் மிஷின் மேல இதே மாதிரி வை" என்றேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, மூன்றையும் எடுத்துப் போய் யோசிக்காமல் வைத்தாள். எலுமிச்சம்பழம் முன்பு அவளுக்கு இடது கைப்பக்கம் இருந்தது, இப்போது வலது கைப்பக்கம். மாற்றி வைத்திருக்கிறாயே என்றேன். "எங்க மாத்துனேன்? கிழக்கால இருந்துச்சு, கிழக்காலதான் வச்சிருக்கேன்" என்றாள். பிறகு என்னை வைக்கச் சொன்னாள். நான் இடது கைப்பக்கம் இருந்ததை இடது கைப்பக்கமே வைத்தேன். நாற்பது வருஷம் கிழமேல் தென்வடல் என்று எழுதிய கை. ஆனால் எழுதியது தாளில். டவுனில் பிறந்து வளர்ந்த எனக்குப் பேச்சில் எப்போதும் சோத்தாங்கை, பீச்சாங்கைதான். ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு வாயைத் திறந்தாலே திசை. ஒரு வீட்டில் இரண்டு பேரை வைத்துச் செய்ததற்கு ஆராய்ச்சி என்று பெயர் இல்லை, தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை மறுத்தவர்களைப் பற்றியும் நீ சொன்னாய். லி, கிளைட்மன் என்ற இருவர் 2002-இல், கண்ணெதிரே பிடிப்பான அடையாளம் இருந்தால் ஆங்கிலம் பேசும் மாணவர்கள்கூட அதைப் பிடித்துக்கொண்டு அடுக்குகிறார்கள் என்று காட்டினார்கள், ஆகவே காரணம் மொழி இல்லை, சுற்றுப்புறம் என்றார்கள். அவர்கள் சேலத்துக்கு வந்தால் இன்னும் பலமாகச் சொல்வார்கள். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன். மொட்டை மாடி ஏறினால் திசை கண்ணில் குத்தும். ஆனால் அதே மலைகள் என் கண்ணுக்கும்தானே தெரிகின்றன? மலை எல்லாருக்கும் நிற்கிறது. டப்பா இருக்கும் இடத்தைச் சொல்லக்கூட அந்த மலையை நினைத்தாக வேண்டும் என்று பேச்சு கட்டாயப்படுத்தினால், அந்த மனுஷி கண்ணை மூடியிருக்கும்போதும் மலையை விடமாட்டாள். என் தீர்ப்பு இது.

இன்னொன்றும் கவனித்தேன். மேற்கு என்ற சொல்லுக்குள் 'மேல்' இருக்கிறது, கிழக்குக்குள் 'கீழ்' இருக்கிறது. தமிழ்நாடு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடலுக்குச் சரிகிறது என்பதை அந்த இரண்டு சொல்லும் வைத்திருக்கின்றன. சேலத்துக்காரனுக்கு மட்டும் இது பொருந்தாது. நமக்கு மேடு வடக்கே. திருமணிமுத்தாறு சேர்வராயனில் பிறந்து, ஊருக்குள் புகுந்து, தெற்கே போய்க் காவிரியில் விழுகிறது. அப்படியிருந்தும் நாம் மேற்கை மேல் என்றுதான் சொல்கிறோம். எப்போதோ யாரோ நின்று பார்த்த சரிவை நாம் வாயில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். மீதியை மத்தியானம் எழுதுகிறேன்.

சரி. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்ள இங்கே இருப்பவருக்கு ஆங்கிலத்தில் பவர் பத்திரம் அனுப்பியிருந்தார். 'என் அங்கிள்' என்று இருந்தது. தமிழில் எழுத உட்கார்ந்தேன், அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா, அத்தை வீட்டுக்காரரா? ஆங்கிலத்தில் இதைச் சொல்ல முடியாது என்று இல்லை, அப்பாவின் தம்பி என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்லாமலும் போகலாம். தமிழில் சொல்லாமல் போக வழியில்லை. மொழியியலாளர் யாகப்சன் 1959-இல் எழுதினார் என்று நீ வாசித்துக் காட்டியது இதுதானே? எதைச் சொல்ல முடியும் என்பதில் மொழிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் வித்தியாசம் என்று. உன் புத்தகங்களில் எனக்கு மிகவும் உபயோகமான வாக்கியம் அது. அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தாய்மாமன் என்றார்.

இதை ஒரு அளவுக்கு மேல் இழுத்துவிடாதே, கண்ணு. 'நான் கோபித்தேன்' என்பதைவிட 'எனக்குக் கோபம் வந்தது' என்றுதான் நாம் சொல்கிறோம். பசி, தூக்கம், பயம், ஞாபகம் எல்லாம் நமக்கு எங்கிருந்தோ வருகின்றன. இதை வைத்து, தமிழன் தன் கோபத்துக்குப் பொறுப்பேற்க மாட்டான் என்று யாராவது கட்டுரை எழுதினால் நம்பாதே. கோபம் வந்ததற்காக மூன்று நாள் சாப்பிடாமல் இருந்த மனிதர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உண்மையில் எழுத நினைத்ததற்கு வருகிறேன்.

பாகப் பிரிவினைப் பத்திரம் எப்படி ஆரம்பிக்கும் என்று உனக்குத் தெரியுமா? "ஆகிய நாம் நமக்குள் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொண்ட பாகப் பிரிவினைப் பத்திரம் என்னவென்றால்." பிரிவதற்காக எழுதும் பத்திரம், அதில் முதல் வரியே 'நாம்'. ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் என் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அவர்கள் அம்மா. இரண்டு மணி நேரமாக எல்லாம் சுமுகம். நம்ம காடு, நம்ம கிணறு, நம்ம களம் என்றே பேச்சு. வரைபடத்தில் கோடு போட்டு முடித்ததும் அண்ணன் குனிந்து பார்த்து, "எங்க கிணறு எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டார். தவறாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தம்பி நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். அம்மா எழுந்து, தண்ணி குடிக்கணும் என்று உள்ளே போனார். நீ இருக்கும் நாட்டு மொழியில் இந்தக் கேள்வியை எழுதிப் பார். நம்ம கிணறும் எங்க கிணறும் ஒரே சொல்லாகிவிடும். அந்த அம்மா எழுந்து போன காரணத்தைத் தனியாக ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அது அரை நொடியில் நான்கு பேருக்கும் தெரிந்தது. கடைசியில் கிணற்றைப் பொதுவில் விட்டு, முறை வைத்துத் தண்ணீர் எடுப்பதாக எழுதினோம்.

போன மாதம் போனில், "எங்க ஊர்ல நேத்து பூரா மழைப்பா" என்றாய். நாலு வருஷமாக "இங்க மழை" என்றுதான் சொல்வாய். ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது. இலக்கணப்படி நீ சொன்னதுதான் சரி. நாங்கள் அங்கே இல்லை. 'நம்ம ஊர்' என்று நெதர்லாந்தைச் சொல்லியிருந்தால்தான் தப்பு. நீ தெரிந்து சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அது என் மனதில் தங்கியது. யோசித்துச் சொல்லும் சொல்லைவிட, யோசிக்காமல் வாயில் வரும் இந்தச் சின்னச் சொற்களில்தான் ஒருத்தர் எங்கே நிற்கிறார் என்பது இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லதுதானே, புள்ளைக்கு அங்க வேர் புடிச்சிருச்சு" என்றாள். எனக்கு முதலில் வலித்தது. அவள் சொன்ன பிறகு சந்தோஷமும் வந்தது. இரண்டும் இன்னும் இருக்கின்றன. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அன்று, உன் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்தது என்று நான் கேட்டதற்கு, "இருங்க, மேப்ல பாத்துச் சொல்றேன்" என்றாய். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எங்க ஊர் என்று சொல்லும் அளவுக்கு ஆன ஊரில் உன் வாசல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவேண்டாமா?

பத்திரத்தில் சொத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தி எழுதுவோம் இல்லையா, அதன் முறை ஒரு விதம். நம் இடத்துக்குக் கிழக்கே ஒருவர் வீடு இருந்தால், 'அவர் வீட்டுக்கு மேற்கு' என்று எழுதுவோம். வடக்கே தெரு இருந்தால் 'தெருவுக்குத் தெற்கு'. புதிதாகப் படிக்கிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். பக்கத்துக்காரர் ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் நின்று நம் இடத்தைக் கை காட்டுவது போல அது. நாலு பேரும் காட்டி முடித்த பிறகு 'இதன் மத்தியில்' என்று ஆரம்பித்து, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று முடிப்போம்.

அதேபோல உன் வீட்டுக்கு நான்கு எல்லையும் எழுதி அனுப்பு. பூனை வளர்க்கும் அந்தப் பாட்டி வீடு எந்தப் பக்கம், சைக்கிள் நிறுத்துகிறாயே அது எந்தப் பக்கம், ஜன்னலில் காட்டிய கால்வாய் எந்தப் பக்கம். மேப் பார்க்காதே. காலையில் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று இரண்டு நாள் பார், தெரிந்துவிடும். வந்ததும் நான் முறைப்படி எழுதி வைத்துக்கொள்கிறேன், பாட்டி வீட்டுக்கு மேற்கு, கால்வாய்க்கு வடக்கு என்று. 'இதன் மத்தியில்' வரைக்கும் இப்போதே எழுதிவைத்திருக்கிறேன்.

உன் அப்பா